மிஸ் அடிக்கும் இன்ஜின்: சாமான் வாங்கும் முன் சிலிண்டரைக் கண்டுபிடியுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே நோயைப் பற்றியவை: பழைய கார், இன்ஜின் மிஸ் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிப்பதில்லை. எழுதியவர்களில் பலர் ஏற்கெனவே பணம் செலவழித்துவிட்டார்கள். வண்டி இன்னும் குலுங்குகிறது. அதனால் ஏர்கோன், பிரேக் பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன். முதல் பதில் நீளமானது. பொறுமையாகப் படியுங்கள், மற்ற பதில்களுக்கும் அதுதான் அடிப்படை.

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு புரோட்டோன் இஸ்வாரா 1.5, கார்புரேட்டர் வண்டி. வாரம் மூன்று நாள் மனைவியை டயாலிசிசுக்கு ஈப்போவுக்கு அழைத்துப் போகிறேன். இரண்டு மாதமாகச் சிவப்பு விளக்கில் நின்றால் ஸ்டியரிங் முதல் சீட் வரை குலுங்குகிறது. மூன்றாவது கியரில் மிதித்தால் இழுவை இல்லை. ஒரு போமன் (மெக்கானிக்) நான்கு பிளக்கையும் மாற்றினார். பிறகு கார்புரேட்டர் சர்வீஸ், அதன் பிறகு பெட்ரோல் பம்ப். இதுவரை 780 வெள்ளி (ரிங்கிட்) ஆகிவிட்டது. இப்போது இன்ஜினையே மாற்ற வேண்டும், ஹாஃப் கட் (வெட்டி வந்த பழைய காரின்) இன்ஜின் 1,800 வெள்ளி என்கிறார். மாற்றலாமா?
– ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, டயாலிசிஸ் என்ற சொல்லைப் படித்த பிறகு, பத்திரிகை அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் தோட்டம் என் ஒர்க்‌ஷாப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் நாம் செய்ததை உங்கள் அனுமதியோடு மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் எதையும் கழற்றவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் எக்ஸாஸ்ட் பக்கம் நின்றேன். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் நாலு பேர் வரிசையாக உறுமி அடித்துக்கொண்டு போகிறார்கள், அதில் ஒருவர் கை நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி விழுவதைவிட விழாத இடம்தான் காதில் குத்தும். நாலு சிலிண்டர் இன்ஜின் நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்ற கணக்கில் ஒவ்வொரு சிலிண்டரும் 375 முறை வெடிக்க வேண்டும், அதாவது நொடிக்கு ஆறு முறைக்கு மேல். நான்கும் சேர்ந்தால் நொடிக்கு 25 வெடிப்பு. அதில் நாலில் ஒன்று தொடர்ந்து விழாமல் போனால் சத்தம் ‘துடு துடு துடு – புஸ்’ என்று ஒரே ஒழுங்கில் நொண்டும். உங்கள் வண்டி அப்படித்தான் நொண்டியது. ஒழுங்கில்லாமல், ஒரு முறை இப்போது, ஒரு முறை அப்புறம் என்று விட்டு விட்டு மிஸ் அடித்திருந்தால், எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்: மின் அழுத்தத்தை உயர்த்தும் காயில், அதைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் ரோட்டரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும், பெட்ரோல், காற்றுக் கசிவு. ஒரே தாளத்தில் நொண்டினால் ஒரே ஒரு சிலிண்டர்தான் நோயாளி. சாவியை மட்டும் திருப்பி, கைக்காசு செலவில்லாமல் பாதி வழி வந்துவிட்டோம்.

அடுத்து ஒரு காகிதத்தை எக்ஸாஸ்ட் வாய்க்கு எதிரே பிடித்தேன். நல்ல இன்ஜினில் காகிதம் வெளிப்பக்கமாகவே படபடக்கும். உங்கள் வண்டியில் இடையிடையே உள்ளே இழுத்தது. எக்ஸாஸ்ட் வால்வ் முழுதாக மூடாவிட்டால் பிஸ்டன் இறங்கும்போது எக்ஸாஸ்ட் குழாயிலிருந்தே காற்றை உறிஞ்சும், அதனால் இப்படி ஆகலாம். அதை மனத்தில் குறித்துக்கொண்டேன். ஆனால் ஒரு காகிதத்தை நம்பி இன்ஜினைத் திறக்கக் கூடாது.

பிறகுதான் போனட்டைத் திறந்தோம். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணினால் 1, 2, 3, 4. வெடிக்கும் வரிசை 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து கிளம்பும் நான்கு பிளக் வயரும் அந்த வரிசைப்படி போகின்றனவா என்று விரலால் தொடர்ந்து பார்த்தேன். பிளக் மாற்றியவர் அவசரத்தில் இரண்டு வயரை இடம் மாற்றிச் செருகியிருந்தாலும் வண்டி இப்படித்தான் ஆடும். அது சரியாகவே இருந்தது.

இப்போது முக்கியமான சோதனை. இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயராகத் துண்டித்துப் பார்ப்பது. நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் இன்ஜின் உடனே தளரும், குலுக்கல் கூடும். ஏற்கெனவே செத்துப்போன சிலிண்டரின் வயரை எடுத்தால் எந்த மாற்றமும் தெரியாது. பிளக் வயரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. வெறும் கையால் தொடக் கூடாது. காப்பிட்ட இடுக்கி வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும், சட்டைக் கை விசிறியிலும் பெல்ட்டிலும் படாமல் மடித்திருக்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதன் பக்கத்திலேயே வர வேண்டாம். இன்னொன்று: எடுத்த வயரை அந்தரத்தில் தொங்க விடாதீர்கள். தீப்பொறி போக வழியில்லாமல் காயிலையும் இக்னிஷன் மாட்யூலையும் கெடுத்துவிடும். நான் ஒவ்வொரு முறையும் இன்ஜினை நிறுத்தி, வயரை ஒரு பழைய பிளக்கில் செருகி, அந்தப் பிளக்கின் உடலை இன்ஜினோடு கம்பியால் கட்டிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்வேன். நேரம் பிடிக்கும். ஆனால் யாருக்கும் ஷாக் அடிக்காது.

1ஐ எடுத்தோம், இன்ஜின் நின்றுவிடும்போல் ஆனது. 3ஐ எடுத்தோம், அதே. 4, அதே. 2ஐ எடுத்தபோது உங்கள் பேரன் “தாத்தா, ஒண்ணும் ஆகலியே” என்றான். அதுதான் விடை. இரண்டாவது சிலிண்டர். நீங்கள் 780 வெள்ளி கொடுத்த இரண்டு மாதத்தில் இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சிலிண்டர் தெரிந்த பிறகு என்ன? ஒரு சிலிண்டர் வெடிக்க மூன்றுதான் தேவை: தீப்பொறி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, அதை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன். கார்புரேட்டர் வண்டியில் கலவை நான்குக்கும் ஒரே வாயிலிருந்து போகிறது. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் கெட்டால் கார்புரேட்டரைக் குற்றம் சொல்வது கடினம். அந்தச் சிலிண்டர் பக்கம் மேனிஃபோல்ட் (கலவை போகும் குழாய்) கேஸ்கெட் வழியாகக் காற்று கசியலாம், அது ஒன்றுதான். சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தேன், உறிஞ்சவில்லை. பெட்ரோல் பம்பும் நான்குக்கும் பொது. அதை ஏன் மாற்றினார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

தீப்பொறி? பழைய பிளக்கில் கட்டியிருந்த 2ஆம் வயரில் நீலமாக, ‘சட் சட்’ என்று வந்தது. பிளக்கைக் கழற்றினோம். கறுப்பாக, பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருந்தது. அதாவது கலவை வருகிறது, எரியவில்லை. 2இன் பிளக்கை 3இலும், 3இன் பிளக்கை 2இலும் மாற்றிப் போட்டோம். இதைத்தான் நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: புதிய சாமான் வாங்காமல், உங்களிடம் இருக்கும் சாமானையே இடம் மாற்றிப் பாருங்கள். நோய் பிளக்கோடு 3க்குப் போனால் பிளக்தான் குற்றவாளி. வயர்களை மாற்றும்போது நோயும் கூடவே போனால் வயர். இரண்டும் மாற்றிய பிறகும் நோய் அதே வீட்டில் இருந்தால், அது வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. உங்கள் வண்டியில் அது 2ஐ விட்டு நகரவேயில்லை.

அப்புறம் கம்ப்ரஷன் மீட்டர். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கும் வெளியே. காயில் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளே போகாமல் எண் பொய் சொல்லும். பேட்டரி பலமாக இருக்க வேண்டும். உங்கள் எண்கள்: 1இல் 165 பிஎஸ்ஐ, 2இல் 90, 3இல் 160, 4இல் 165. பழைய இன்ஜினில் எல்லாம் 150க்குச் சற்றுக் கீழே இருந்தால்கூட ஓட்டிக்கொள்ளலாம். கவலைப்பட வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத்தான். 10, 15 விழுக்காட்டுக்கு மேல் ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அங்கே ஓட்டை.

எங்கே ஓட்டை? 2இன் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தோம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து எண்ணை நன்றாக ஏற்றிவிடும். 90 இருந்தது 95 ஆனது, அவ்வளவுதான். ரிங் இல்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து இறங்கியிருந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும் என்று பார்த்திருப்பேன். இங்கே ஒன்றுதான். மீதி வால்வ். அந்தக் காகிதம் சொன்னது சரி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1998இல் இந்த ஊரில் ஒரு லாரி டிரைவரின் காருக்கு, மீட்டர் போட்டுப் பார்க்காமலேயே, “ஹெட் கேஸ்கெட்தான்” என்று சொல்லி ஹெட்டைக் கழற்றினேன். மூன்று நாள் வேலை. திரும்பப் பூட்டிய பிறகும் வண்டி அப்படியே நொண்டியது. கடைசியில் பார்த்தால் மூன்றாவது பிளக் வயருக்கு உள்ளே இருக்கும் கரி இழை அறுந்திருந்தது. வெளியில் ரப்பர் புதுசுபோல இருந்தது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அந்த மூன்று நாள் அவர் மகளைப் பள்ளிக்கு யார் மோட்டாரில் ஏற்றிப் போனார்களோ தெரியாது. அன்றிலிருந்து அளக்காமல் ஒரு நட்டைக்கூட நான் தொட்டதில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். இன்ஜின் உச்சியில், வால்வை அழுத்தும் ராக்கர்களை மூடியிருக்கும் ராக்கர் மூடியைத் திறந்தோம். இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு உள்வால்வ், ஒரு எக்ஸாஸ்ட் வால்வ். 2ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் தகடுகள்) மிக மெல்லிய இதழ்கூட நுழையவில்லை. இடைவெளி பூஜ்யம். வருடக்கணக்கில் வால்வ் தன் இருக்கையில் தேய்ந்து தேய்ந்து மேலே ஏறும், இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடப்படும். சத்தம் கூடாது, குறையும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. இந்த இடைவெளி கூடி ‘டப்பெட்’ சத்தம் போடும் வண்டியைவிடச் சத்தமே இல்லாத பழைய வண்டியை நான் அதிகம் சந்தேகிப்பேன். சூடான இன்ஜினில் எக்ஸாஸ்டுக்கு 0.25 மில்லிமீட்டர் வைத்துத் திருகை இறுக்கினேன். மற்ற வால்வ்களையும் சரிபார்த்தோம். மறுபடி அளந்தபோது 2இல் 150.

ஸ்டார்ட் செய்ததும் நீங்கள் வண்டிக்குள் உட்கார்ந்து டேஷ்போர்டில் கை வைத்துப் பார்த்தீர்கள். அம்மா வாசலில் நின்றுகொண்டு, “இது நம்ம வண்டிச் சத்தமா?” என்றார்கள். ராக்கர் மூடிக்குப் புதிய கேஸ்கெட் ஒன்று தவிர வேறு செலவில்லை.

ஆனால் முழு நிம்மதி சொல்ல மாட்டேன். மூடாத வால்வ் வழியாக நெருப்பு போய்க்கொண்டே இருந்தால் வால்வின் விளிம்பு எரிந்துவிடும். எரிந்துவிட்டால் இடைவெளி வைத்துப் பயனில்லை, ஹெட்டைக் கழற்றி வால்வ் மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும்கூட இன்ஜினை மாற்ற வேண்டியதில்லை. உங்களுடையது 150க்கு வந்துவிட்டதால் தப்பித்தது என்று நினைக்கிறேன். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டு வாருங்கள், மறுபடி அளப்போம். அதற்குள் குலுக்கல் திரும்பினால் அன்றே கூப்பிடுங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். அதனால் இன்ஜின் ஆயிலை இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 1997 வீரா 1.5 எம்பிஐ. மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் மிஸ் அடிக்கிறது, பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. போன வாரத்திலிருந்து வெயிலிலும் குலுங்குகிறது. தோட்ட வீட்டில் செம்பனை மரங்களுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறேன்.
– லாரி ஓட்டுநர், பீடோர்

பதில்: தம்பி, உங்களுக்கு இரண்டு நோய் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மழைக்கால நோய் ஈரத்தால் வருவது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ ஓரத்துக்கோ ஓடினால், தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டில் ஓடுகிறது என்று பொருள். துடைத்தால் ஒரு நாள் வரும். மூடியையும் ரோட்டரையும் சேர்த்து மாற்றுவதுதான் வைத்தியம். கோடு எதுவும் தெரியாவிட்டால் இரவு வரை காத்திருங்கள். நான் பையனாகத் தோட்டத்து லாரிப் பட்டறையில் வேலை பழகியபோது, பெரிய போமன் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை அழைத்துப் போய் விளக்கை அணைத்துவிட்டு லாரி போனட்டைத் திறந்து காட்டுவார். நாங்கள் வாய் பிளந்து நிற்போம், வயர்மேல் நீலப் புழு நெளிவதுபோல மின்சாரம் கசியும். அதேதான் நீங்களும் செய்ய வேண்டியது. இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் வயர்கள்மேல் பனிபோல மெல்லியதாகத் தெளியுங்கள். கசியும் இடம் தானே காட்டிக்கொடுக்கும். ஓடும் இன்ஜினில் எதையும் தொடாதீர்கள். மல்டிமீட்டர் இருந்தால் வயர்களைக் கழற்றி அளந்து பாருங்கள். நீளத்துக்கு ஏற்ப ஓம் கூடும் குறையும், ஆனால் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டினால் அதுதான் கெட்டது.

வெயில் நோய்க்கு எனக்கு எலிமேல் சந்தேகம். செம்பனைப் பழம் எலிக்கு விருந்து. அதனால்தான் பல தோட்டங்களில் கம்பத்தின்மேல் கூகைக்குக் கூடு வைத்து எலி பிடிக்க விடுகிறார்கள். ஆனால் சூடான இன்ஜின் மேல் இரவில் படுத்துக்கொண்டு வயர் கடிக்கும் எலியைக் கூகை எட்டாது. எம்பிஐ வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் பீய்ச்சும் தனி இன்ஜெக்டர் உண்டு. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜெக்டர்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வையுங்கள். ‘டிக் டிக் டிக்’ என்று சீராகக் கேட்க வேண்டும். ஒன்று ஊமையாக இருந்தால் அதன் சாக்கெட்டிலிருந்து வயரைத் தொடர்ந்து போங்கள். பல்தடமும் எலிப்புழுக்கையும் கிடைக்கும் என்று நினைக்கிறேன். வயர் நன்றாக இருந்தால் இன்ஜெக்டரையே அளக்கலாம். குளிர்ந்த நிலையில் இவ்வகை இன்ஜெக்டர் 13 முதல் 16 ஓம் வரை காட்டும். கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டு விடாதீர்கள், சால்டர் வைத்து ஒட்டி மேலே உறை போடுங்கள். போனட்டுக்குக் கீழே இருக்கும் சூட்டில் டேப் ஒரு மாதம்கூடத் தாங்காது.

கேள்வி: எங்கள் கஞ்சில் 850, 1998, கார்புரேட்டர். ஊருக்குள் பட்டுப்போல ஓடுகிறது. கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் போகும்போது மெனோரா சுரங்கத்துக்கு முன் ஏற்றத்தில் மட்டும் தட்டித் தட்டி நிற்கப் பார்க்கிறது. பின்னால் லாரிகள் வருவதால் பயமாக இருக்கிறது.
– ஆசிரியை, கோலகங்சார்

பதில்: பயம் நியாயமானது, டீச்சர். சரியாகும்வரை அந்த ஏற்றத்தில் போகாதீர்கள். சுங்கை சிப்புட், செம்மோர் வழியாகப் பழைய சாலையில் போங்கள். உங்களுக்கு இருப்பதே மூன்று சிலிண்டர். ஒன்று விட்டால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

ஏற்றத்தில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூடப் பிளக் இடைவெளியில் தீப்பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ, காயில் பலவீனமாக இருந்தாலோ, ஊருக்குள் சமாளித்துவிட்டு ஏற்றத்தில் கை விரித்துவிடும். இது ஒரு வகை. இன்னொரு வகை, பெட்ரோல் போதாமை: ஃபில்டர் அடைத்திருக்கும், நிதானமாக ஓட்டும்போது சொட்டுவது போதும், ஏற்றத்தில் போதாது.

இரண்டையும் உங்கள் கால் பாதமே பிரித்துச் சொல்லும். தீப்பொறிக் கோளாறு என்றால் ‘வெடுக் வெடுக்’ என்று பின்னாலிருந்து யாரோ இழுத்து விடுவதுபோல இருக்கும், மிதியைக் கொஞ்சம் விட்டதும் உடனே சரியாகும். பெட்ரோல் போதாமை என்றால் பலம் மெதுவாக வடியும், ஓரமாக நிறுத்திச் சில நிமிடம் கழித்துக் கிளம்பினால் கொஞ்ச தூரம் நன்றாகப் போகும், மறுபடி வடியும். நீங்கள் ‘தட்டித் தட்டி’ என்று எழுதியிருப்பதால் முதல் வகையைத்தான் நினைக்கிறேன். பிளக் இடைவெளியை முதலில் அளக்கச் சொல்லுங்கள். ஆனால் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால் அதையும் இப்போதே மாற்றுங்கள். சாமான் வாங்காதீர்கள் என்று எப்போதும் சொல்லும் நான் இதற்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன், ஏனென்றால் அது எப்படியும் மாற்ற வேண்டிய பொருள். அரை மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் ஆரம்பிக்கிறது என்றால் காயிலைச் சூடாக இருக்கும்போது சோதிக்க வேண்டும். குளிர்ந்தபின் அளந்தால் நல்ல பிள்ளைபோல இருக்கும்.

கேள்வி: வீரா 1.6. பிளக் வயரை இழுத்தபோது நுனியில் ஆயில் சொட்டியது. இன்ஜின் போய்விட்டதா?
– வாசகர், கூலிம்

பதில்: இல்லை. உங்கள் இன்ஜினில் பிளக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. குழியைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் காய்ந்து போனால் மேலிருக்கும் ஆயில் உள்ளே இறங்கும், வயரின் ரப்பர் ஊறும், தீப்பொறி பக்கவாட்டில் ஓடும். குழியில் நிற்கும் ஆயிலைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். சீலையும் ராக்கர் மூடி கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஊறிப் போன வயரைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள்.

கேள்வி: ரோன் 95 பெட்ரோலுக்குப் பதிலாக ரோன் 97 போட்டால் மிஸ் அடிப்பது நிற்குமா?
– வாசகர், தாப்பா

பதில்: நிற்காது. அந்த எண், கலவை தானாகவே முன்கூட்டி வெடித்து ‘கிணுகிணு’ என்று தட்டாமல் தாங்கும் சக்தியைக் குறிப்பது. வராத தீப்பொறியை அது வரவழைக்காது. அந்தக் கூடுதல் பணத்தைச் சேர்த்து வைத்து ஒரு கம்ப்ரஷன் மீட்டர் வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, நான் படிவம் ஐந்து முடித்திருக்கிறேன். அப்பா பால்மரம் வெட்டியவர், இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. எங்கள் பழைய சாகாவை நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. எதிலிருந்து தொடங்குவது?
– மாணவி, சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: தங்கச்சி, இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கடிதம் உன்னுடையது.

பிளக்கிலிருந்து தொடங்கு. உள்ளே ரப்பர் உள்ள 21 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட் ஒன்று, ஃபீலர் கேஜ் ஒன்று, மலிவான மல்டிமீட்டர் ஒன்று. இப்போதைக்கு இவ்வளவு போதும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஒரு நேரத்தில் ஒரு வயரை மட்டும் எடு. நான்கையும் சேர்த்து எடுத்தால் எது எங்கே என்று மறந்துவிடும். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியிருக்கும் செம்மண் தூசியை ஊதி எடு, தோட்டத்துச் சாலையில் ஓடும் வண்டியில் அது நிறைய இருக்கும், உள்ளே விழுந்தால் சிலிண்டரைக் கீறும்.

கழற்றிய பிளக்கின் நுனி நிறத்தைப் பார். பால் தேநீர்போல இளம்பழுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டர் நலம். காய்ந்த கரிபோலக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில் ஏறுகிறது. பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருந்தால் அது எரியவேயில்லை. வெள்ளையாகப் பொரிந்திருந்தால் சூடு அதிகம், கலவையில் பெட்ரோல் குறைவு. நான்கும் ஒரே நிறம் என்றால் கோளாறு பொதுவானது. ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் அந்தச் சிலிண்டரைப் பிடித்துக்கொள், முதல் கடிதத்தில் சொன்னபடி போ.

இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து எழுதி வை. பிளக்கின் எண் இறுதியில் 11 என்று இருந்தால், என்ஜிகே பிபிஆர்6இஎஸ்-11போல, தொழிற்சாலையில் வைத்த இடைவெளி 1.1 மில்லிமீட்டர். ஆனால் உன் வண்டிக்கு எந்த எண் என்பதை வண்டியின் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும், கடைக்காரர் சொல்வதை வைத்து வாங்காதே. திரும்பப் பூட்டும்போது முதலில் கையாலேயே முழுதும் சுற்று. ஹெட் அலுமினியம், மரை கோணலாக ஏறினால் பெரிய செலவு. புதிய பிளக் என்றால் கை இறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்று. பழைய பிளக்கையே போடுகிறாய் என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், மிகக் கொஞ்சமாகத் திருகினால் போதும்.

கழற்றும் நான்கையும் ஒரு அட்டையில் துளை போட்டு 1, 2, 3, 4 என்று வரிசையாகக் குத்தி வை. அப்பாவுக்கு நிறம் தெரியாவிட்டாலும் வண்டியின் சத்தம் அவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும், ஸ்டார்ட் செய்யும்போது அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கேள். அப்புறம் அந்த அட்டையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன்.